மயிரிழையை முதலில் அளந்து பாருங்கள்: தடிப்பும் மெலிவும் கூடிய எழுத்துருவை முதன்முறை கையாள்வோருக்கு

ஒரு கவிதைத் தொகுப்புக்கு அட்டை செய்து கொடுத்தேன். முன்னட்டைத் தலைப்பு, பின்னட்டைக் குறிப்பு, உள்ளே பகுதித் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துரு. நிற்கும் கோடு நன்றாகத் தடித்து, படுக்கும் கோடு மயிரிழையாக ஓடுமே, போடோனி, டிடோ போன்ற அந்த வகை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அச்சாகி வந்தபோது பின்னட்டையில் பாதி எழுத்தைக் காணவில்லை. கருநீலப் பின்னணியில் 9 பாயின்ட் வெள்ளை எழுத்து அது. தடித்த கோடுகள் வேலிக்கம்பு போலத் தனித்தனியாக நின்றன. அவற்றை இணைக்கும் மெல்லிய கோடுகளை மை மூடிவிட்டது.

அட்டை முழுவதையும் மறுபடி அச்சடித்தோம். பணமும் போயிற்று, இரண்டு வாரமும் போயிற்று. அச்சகத்தின் மேல் குற்றமில்லை. அந்த மெல்லிய கோடு எவ்வளவு மெல்லியது என்று நான் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை. அதற்கு ஐந்து நிமிடம் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அந்த ஐந்து நிமிடத்தை முதலிலேயே செலவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எங்கெல்லாம் வரப்போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

எழுத்துருவைத் தேடப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். இந்த எழுத்து எங்கெல்லாம் வரும், ஒவ்வொரு இடத்திலும் என்ன அளவு, எதன் மேல் (வெள்ளைத் தாளா, இருண்ட நிறமா, படமா, திரையா) என்று எழுதுங்கள். அதில் மிகச் சிறிய அளவையும், இருண்ட நிறத்தின் மேல் வெள்ளையாக வரும் இடங்களையும் வட்டமிடுங்கள். உங்கள் முடிவை எடுக்கப்போவது அந்த இரண்டும்தான். தலைப்பு பெரிதாக எப்படியும் நன்றாகவே இருக்கும், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

2. மயிரிழையை அளங்கள்

இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற ஏதாவது ஒரு வெக்டர் மென்பொருளை (கோட்டு வடிவங்களை வரைய உதவுவது) திறங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'எச்' ஒன்றை 1000 பாயின்ட் அளவில் அடியுங்கள். அதை அவுட்லைனாக (எழுத்தாக அல்லாமல் வெறும் வரைவடிவமாக) மாற்றிவிட்டு, நடுவில் ஓடும் குறுக்குக் கோட்டின் தடிமனை அளங்கள். அளக்கும் அலகும் பாயின்டாகவே இருக்கட்டும். அளவு 20 பாயின்ட் என்று வந்தால், அந்த எழுத்துருவின் மயிரிழை எழுத்தளவில் ஆயிரத்தில் 20 பங்கு என்று பொருள். ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஈ'யின் குறுக்குக் கோட்டையும், செரிஃபின் (கோட்டு நுனியில் வரும் சிறு குறுக்குக் கோடு) தடிமனையும் அளந்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு எளிது. அந்த எண்ணை நீங்கள் பயன்படுத்தப்போகும் அளவால் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். 20 பங்கு உள்ள எழுத்துரு 60 பாயின்டில் 1.2 பாயின்ட் கோடு தரும், அருமை. 24 பாயின்டில் 0.48. 12 பாயின்டில் 0.24. என் பின்னட்டையின் 9 பாயின்டில் வெறும் 0.18.

அச்சுக்கு நான் வைத்திருக்கும் எல்லை இதுதான்: வெள்ளைத் தாளில் ஒரே மையில் வரும் எழுத்துக்கு மயிரிழை 0.25 பாயின்டுக்குக் கீழே போகக் கூடாது. இருண்ட நிறத்தின் மேல் வெள்ளையாக விடும் எழுத்துக்கு 0.5 பாயின்ட். ஏனென்றால் மை சுற்றிலும் கொஞ்சம் பரவும். கறுப்பு எழுத்தில் அந்தப் பரவல் மெல்லிய கோட்டைத் தடிக்க வைக்கிறது, அதாவது உங்களுக்கு உதவுகிறது. வெள்ளை எழுத்தில் அதே மை இரண்டு பக்கமிருந்தும் உள்ளே வந்து கோட்டை விழுங்குகிறது. ஆக, 20 பங்கு எழுத்துருவை இருண்ட பின்னணியில் 25 பாயின்டுக்குக் கீழே வைக்கவே கூடாது. என் 9 பாயின்ட் எந்த விதத்திலும் தப்பியிருக்க வழியில்லை.

திரைக்கும் இதே கணக்குதான். 16 பிக்சல் அளவில் 20 பங்கு என்றால் 0.32 பிக்சல். திரையால் மூன்றில் ஒரு பிக்சலைக் காட்ட முடியாது, அதற்குப் பதில் ஒரு பிக்சலை வெளிறிய சாம்பலாகக் காட்டும். மயிரிழை ஒரு முழு பிக்சலாக வர எழுத்து 50 பிக்சல் இருக்க வேண்டும். இரட்டை அடர்த்தித் திரையில் 25 போதும்.

3. ஒரே குடும்பத்தில் எந்த வடிவம் என்று பாருங்கள்

நல்ல எழுத்துருக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே எழுத்தைச் சிறிய அளவுக்கு ஒரு விதமாகவும் பெரிய அளவுக்கு வேறு விதமாகவும் வரைந்து வைத்திருப்பார்கள். இதை ஆப்டிகல் சைஸ் என்கிறார்கள். சிறிய அளவுக்கான வடிவத்தில் மயிரிழை தடிமனாக இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் கூடுதலாக இருக்கும். பெயரில் டிஸ்ப்ளே என்று இருந்தால் அது தலைப்புக்கு. டெக்ஸ்ட் என்றால் பத்திக்கு. கேப்ஷன் என்றால் படக்குறிப்புக்கு. பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற எழுத்துருவில் முழுக் கட்டுரையையும் அமைத்துவிட்டு 'படிக்கக் கஷ்டமாக இருக்கிறது' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் பெயரிலேயே இருக்கிறது.

ஹோஃப்லர் நிறுவனம் வெளியிட்ட டிடோவில் 6, 11, 16, 24, 42, 64, 96 என்று ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு. எந்த அளவில் அமைத்தாலும் மயிரிழை ஏறக்குறைய ஒரே மெல்லிசாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். இலவசமாகக் கிடைப்பவற்றில் போடோனி மோடா ஒரு வேரியபிள் எழுத்துரு, அதாவது வடிவத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது, ஒரே கோப்புக்குள் 6 முதல் 96 வரை ஆப்டிகல் சைஸ் இருக்கிறது. முதன்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். காசு செலவில்லை, சிறிய எழுத்தும் பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா மென்பொருளும் அளவுக்கு ஏற்ற வடிவத்தைத் தானாக எடுத்துக்கொள்ளாது. 8 பாயின்டில் ஒரு வரி, 72 பாயின்டில் ஒரு வரி அடித்து, இரண்டையும் ஒரே உயரத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மயிரிழை இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் மென்பொருள் மாற்றவில்லை என்று பொருள். அப்போது நீங்களே கையால் மாற்ற வேண்டும்.

4. தமிழும் வருகிறதா? தனியாகச் சோதியுங்கள்

மேலே சொன்ன பிளேஃபேர் டிஸ்ப்ளேயிலும் போடோனி மோடாவிலும் தமிழ் எழுத்துகள் கிடையாது. ஆனால் நீங்கள் தமிழில் அடித்தால் ஏதோ ஒரு தமிழ் தெரியும். மென்பொருள் சத்தமில்லாமல் கணினியில் இருக்கும் வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டிருக்கும். வேறொரு கணினியில் திறந்தால் அதுவும் மாறிப்போகும். எனவே தமிழுக்கென்று ஓர் எழுத்துருவை நீங்களே தேர்ந்து, பெயர் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டோ செரிஃப் தமிழ் 100 முதல் 900 வரை எடைகளில் (தடிப்பு நிலைகளில்) கிடைக்கிறது. லத்தீன் (ஆங்கில) எழுத்தின் தடிப்புக்கு ஏற்ப இதன் எடையைக் கூட்டிக் குறைக்கலாம். டிரோ தமிழ் ஒரே எடைதான், ஆனால் நூல் பக்கத்துக்கு அழகாக உட்காரும். இரண்டும் லத்தீன் டிடோ அளவுக்கு மெலியாது. அது குறையில்லை. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், ஒவ்வொரு சுழியும் படிப்பதற்குத் தேவை. அதனால் மெலிவுக்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் 'பணி', 'பனி' என்ற இரண்டு சொற்களைப் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கை தூரத்தில் வைத்துப் பார்ப்பேன். 'ண'வின் மூன்று சுழிகளைப் பிரிக்கும் மெல்லிய கோடு மறைந்து 'ன'வின் இரண்டு சுழியாகத் தெரிந்தால், வேலை செய்வது பனி பெய்வதாகிவிடும். அப்புறம் 'மரம்', 'மாரி'. 'ர'வின் அடியில் இழுக்கும் வால் மெலிந்து மறைந்தால் அது துணைக்காலாகத் தெரியும். அடுத்தது புள்ளி. அட்டைத் தலைப்பில் புள்ளி அழகாகச் சிறுத்திருக்கும், பின்னட்டையில் அதே புள்ளி தூசி போலாகிவிடும். 'ஞூ', 'ணூ', 'ஸ்ரீ' இருக்கும் ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வரிக்கு வரி இடிக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

இரண்டு பொறிகள் பாக்கி. பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி காம்போசர் என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கலாம். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். அடுத்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது அழகு. தமிழில் சில மென்பொருள்கள் எழுத்துக்கும் அதன் துணைக்காலுக்கும் நடுவிலேயே இடம் விட்டுவிடும், சொல் சிதறிப்போகும். தமிழ் வரிகளை இயல்பான இடைவெளியிலேயே விடுங்கள்.

5. உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை

இதை யாரும் படிப்பதில்லை. வடிவமைப்பு முடிந்து, எல்லோருக்கும் பிடித்துப்போன பிறகு 'இதற்கு உரிமம் இருக்கிறதா?' என்ற கேள்வி வந்தால் பணமும் நேரமும் இரட்டிப்பாகப் போகும். முதலிலேயே பாருங்கள்.

பிளேஃபேர் டிஸ்ப்ளே, போடோனி மோடா, நோட்டோ, டிரோ எல்லாம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸின் கீழ் வருபவை. அச்சு, இணையம், செயலி, விற்பனைக்கான பொருள் என எதற்கும் பயன்படுத்தலாம், பணம் தர வேண்டியதில்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். எழுத்துருவின் பெயரை மூல ஆசிரியர் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தால் திருத்தியதற்குப் புதுப் பெயர் சூட்ட வேண்டும். நீங்கள் செய்த நூலோ சுவரொட்டியோ அந்த உரிமத்துக்குக் கட்டுப்படாது, அது உங்களுடையது.

விலைக்கு வாங்கும் எழுத்துரு என்றால் ஒரே உரிமம் எல்லாவற்றுக்கும் போதாது. கணினியில் நிறுவும் உரிமத்தை எத்தனை பேர் அல்லது எத்தனை கணினி என்று எண்ணுவார்கள். இணைய உரிமம் பெரும்பாலும் மாதத்துக்கு எத்தனை பக்கப் பார்வை என்ற கணக்கில் வரும். செயலிக்கும் மின்னூலுக்கும் தனித்தனி. சிலர் லோகோவுக்கும் தனி அனுமதி கேட்பார்கள். முதல் படியில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, எந்தெந்த உரிமம் தேவை என்று கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். குடும்பம் முழுவதையும் வாங்க வேண்டாம். பெரும்பாலான வேலைக்கு டிஸ்ப்ளேயில் ஒன்று, டெக்ஸ்டில் ஒன்று போதும்.

'இலவசம்' என்று போட்டுப் பதிவிறக்கம் தரும் இடங்களில் பலவும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். உள்ளே ஒரு சிறிய உரைக்கோப்பில் அது எழுதியிருக்கும். வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலை தனிப்பட்ட பயன்பாடு ஆகாது.

கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்: உரிம உரை (வாங்கிய நாளில் இருந்தபடி), பணம் கட்டிய ரசீது, யார் பெயரில் உரிமம் என்ற விவரம், பதிவிறக்கிய கோப்பின் பதிப்பு எண். யார் பெயரில் என்பது முக்கியம். நீங்கள் உங்கள் பெயரில் வாங்கினால், நாளைக்கு வாடிக்கையாளர் தன் கணினியில் நிறுவ அது செல்லாமல் போகலாம். அவர் தொடர்ந்து பயன்படுத்தப் போகிறார் என்றால் அவரையே வாங்கச் சொல்லுங்கள். எழுத்துருக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பவும் பல உரிமங்கள் அனுமதிப்பதில்லை. பிடிஎஃபில் பொதித்து அனுப்புவதே வழி.

6. வரியை அமைக்கும்போது

போலித் தடிப்பு வேண்டவே வேண்டாம். எழுத்துருவில் போல்டு இல்லாதபோது மென்பொருளின் 'பி' பொத்தானை அழுத்தினால், அது எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் தடிக்க வைக்கும். 20 பங்கு மயிரிழை 40 ஆகிவிடும், தடித்த கோட்டில் அந்தக் கூடுதல் தெரியவே தெரியாது. எதற்காக இந்த எழுத்துருவைத் தேர்ந்தீர்களோ அந்த அழகே போய்விடும். பக்கவாட்டில் இழுப்பதும் இதே பாவம்தான்.

நிற்கும் கோடுகள் ஓங்கி நிற்பதால் கண் வரியோடு ஓடாமல் கீழே இறங்கப் பார்க்கும். அதனால் பத்திகளுக்கு வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக, எழுத்தளவில் 1.4 மடங்கு வாக்கில் வையுங்கள். தொலைபேசி எண், தேதி, முகவரி போன்றவற்றை இந்த எழுத்துருவில் சிறிதாகப் போடாதீர்கள். 3, 6, 8 மூன்றும் மயிரிழையால்தான் வேறுபடுகின்றன. அவற்றுக்குத் தடிப்பு மாறாத வேறோர் எழுத்துருவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. அச்சுக்கு அனுப்பும் முன்

எழுத்தின் நிறம் முழு மையாக இருக்க வேண்டும். 40 சதவீதச் சாம்பல் என்று கொடுத்தால், தகடு வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட்டில் அது புள்ளிகளாகத்தான் அச்சாகும். தடித்த கோட்டில் அது தெரியாது. மயிரிழையோ இரண்டு புள்ளிக்கு நடுவே அறுந்துபோகும். நான்கு மைகளைக் கலந்து வரும் பழுப்பு, கருநீலம் போன்ற நிறங்களிலும் இதே தொல்லை உண்டு. போதாக்குறைக்குத் தகடுகள் ஒரு துளி விலகினாலும் கோட்டின் ஓரம் நிறம் பிரிந்து தெரியும். கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். வேறு நிறம் கட்டாயம் என்றால் அந்த நிறத்துக்கென்று தனி மை கேளுங்கள். செலவு கூடும், ஆனால் மறு அச்சைவிடக் குறைவு.

உங்கள் மேசை லேசர் பிரின்டரில் எடுத்த தாளை நம்பி முடிவெடுக்காதீர்கள். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) இயந்திரத்தில் 0.25 பாயின்ட் கோடு என்பது இரண்டே புள்ளி. 2400 டிபிஐயில் எடுக்கும் அச்சுத் தகட்டில் அது எட்டுப் புள்ளி. இரண்டும் ஒரே மாதிரி தெரியாது. அச்சாகப்போகும் அதே தாளில், அதே இயந்திரத்தில் ஒரு ப்ரூஃப் (சோதனை அச்சு) கேளுங்கள். ஆர்ட் பேப்பரில் நிற்கும் மயிரிழை, பூச்சில்லாத தாளில் மை ஊறித் தடித்துவிடும். ஃபாயில், எம்போஸ், லேசர் வெட்டு என்று போனால் 'உங்களால் எடுக்க முடிகிற மிக மெல்லிய கோடு எவ்வளவு?' என்று அவர்களிடமே எண்ணாகக் கேட்டு, இரண்டாம் படியின் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

8. திரைக்குப் போகும் முன்

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து வேரியபிள் எழுத்துருவை இணைக்கும்போது ஆப்டிகல் சைஸ் வரம்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரே நிலையான வடிவம்தான் வரும். நிற வேறுபாட்டுக்கு இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்கின்றன. கருவியில் பச்சை விளக்கு எரிகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். மயிரிழை வெளிறிப்போவதால் கண்ணுக்கு வரும் வேறுபாடு அதைவிடக் குறைவு. இந்த வகை எழுத்துக்கு நான் 7:1க்குக் கீழே போவதில்லை.

படமாகப் பகிரும்போது ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜியாக எடுங்கள். செய்தி பரிமாறும் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்பும், மெல்லிய கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல ஆகிவிடும். எழுத்தைப் பெரிதாக வைப்பது மட்டுமே அதற்கு மருந்து.

9. நீங்களே வரைய நினைத்தால்

தமிழில் இப்படி ஒரு எழுத்துரு வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். 'ப', 'ட' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் மயங்கிவிடாதீர்கள், அவை எளிதாக அழகாக வந்துவிடும். 'ண', 'ஐ', 'ஞ' மூன்றையும் முதலில் வரையுங்கள். அவற்றில் எத்தனை மெலிவு தாங்குகிறதோ அதுதான் முழு எழுத்துருவுக்கும் அளவு. நான் தலைகீழாகச் செய்து, முப்பது எழுத்து வரைந்த பின் எல்லாவற்றையும் திருத்தினேன்.

எழுத்துச் சதுரத்தை 1000 அலகுக்குப் பதில் 2000 அலகாக வையுங்கள். மயிரிழை 20 அலகாக இருக்கும்போது ஒரு அலகு பிசகினாலே 5 சதவீதம் மாறுகிறது. பக்கத்து எழுத்துகளில் அது கண்ணுக்குத் தெரியும். தடித்த கோட்டிலிருந்து மெல்லிய கோட்டுக்கு இறங்கும் வளைவில் புள்ளிகளைக் குறைவாக வையுங்கள், கூடினால் வளைவு நெளியும்.

10. எத்தனை நாள் ஒதுக்குவது

பட்டியலும் அளவும் அரை நாள். இரண்டு மூன்று எழுத்துருக்களை அச்சடித்து ஒப்பிட ஒரு நாள். உரிமம் படிக்க ஒரு மாலை, சந்தேகம் கேட்டு எழுதினால் பதில் வர இன்னும் சில நாள். ப்ரூஃபுக்கு அச்சகம் சொல்லும் நாளோடு, ஒருமுறை திருத்தி மறுபடி எடுக்க அதே அளவு நாளையும் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியீட்டுத் தேதியைச் சொல்லும் முன் இதைக் கூட்டுங்கள், சொன்ன பிறகு அல்ல.

செலவில் எங்கே குறைத்தாலும் ப்ரூஃபில் குறைக்காதீர்கள். எழுத்துரு இலவசமாகக் கிடைக்கும்போது மிச்சமான பணத்தை அங்கேதான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரே கோப்புறையில் எழுத்துருக் கோப்பு, உரிமம், ரசீது, எழுத்துகள் எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு, அச்சுக்குப் போன பிடிஎஃப் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். கையெழுத்திட்ட ப்ரூஃபை மடிக்காமல் எடுத்து வையுங்கள். அதன் ஓரத்தில் மயிரிழை அளவையும் தாளின் பெயரையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்த பதிப்பு வேறோர் அச்சகத்துக்குப் போனால் அவர்களிடம் காட்ட வேண்டிய தாள் அதுதான்.